சுரண்டல்: ஒரு சொல்லின் பொருளும் பிரயோகமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்திய வடிவம்)



இன்று மாலை ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். நிகண்டுகளில் தேடி எடுக்க வேண்டிய அருஞ்சொல் அன்று அது. சுவரொட்டியிலும் மேடையிலும் பள்ளிப் பாடத்திலும் நீதிமன்றச் செய்தியிலும் நாள்தோறும் நம் கண்ணில் படுகிற ‘சுரண்டல்’ என்னும் சொல்லே அது. இத்தனை இடங்களில் வழங்குகிற சொல்லுக்குத் திட்டமான பொருள் இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பது இயல்பு. ஆனால் இன்று அச்சொல் பேசுகிறவரின் கோபத்தைத் தெரிவிக்கிற அளவுக்குப் பொருளைத் தெரிவிப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். அப்பொருளை மீட்டுத் தர வேண்டும் என்பதே இவ்வுரையின் உத்தேசம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறர் ஒருவருக்கு வேறு வழி இல்லாமையை நமக்கு இடையறாத லாபமாக ஆக்கிக்கொள்வதே சுரண்டல். ‘அவர் சம்மதித்துத்தானே செய்தார்’ என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

இக்கருத்து எனக்கு நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. சிறுவனாயிருந்த நாளில், அறுவடை முடிந்த ஒரு மாலைப்பொழுதில், எங்கள் வீட்டுக் களத்தில் நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரர் கொண்டுவந்த நெல்லை அளந்து வாங்குகையில் மரக்காலின் வாய்க்குமேல் நெல் கோபுரமாகக் குவிந்து, பக்கங்களில் வழிந்து விழும் வரை அளந்தார்கள். சிறிது நேரம் கழித்து, அதே களத்தில், அதே மரக்காலால், அறுத்தவர்களுக்குக் கூலி நெல் அளந்தபோது, ஒரு பலகைத் துண்டால் வாயைத் தலைதட்டி, வழிந்த நெல்லைக் குவியலிலேயே தள்ளினார்கள். பலகை மரக்காலின் விளிம்பில் உரசிச் சென்ற ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. கூலி வாங்கிய அம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொரு மரக்காலிலும் போனது இரண்டு கைப்பிடி நெல்தான். அந்த நெல் எங்கள் வீட்டுச் சோறாயிற்று. அங்கே திருட்டு இல்லை, மிரட்டல் இல்லை, பொய்க்கணக்கும் இல்லை. எல்லாம் எல்லாருடைய கண்முன்னும் நடந்தன. ஆயினும் ஏதோ ஒன்று நடந்தது. அதற்குரிய சொல் அன்று எனக்குத் தெரியவில்லை.

1. சொல்லின் உருவம்

‘சுரண்டு’ என்பது அடுக்களையில் வழங்குகிற வினை. பானையின் அடியில் பற்றிய காந்தலைக் கரண்டியால் பெயர்ப்பதைச் சுரண்டுதல் என்கிறோம். சுவரில் பொரிந்த சுண்ணாம்பை நகத்தால் உதிர்ப்பதையும் அவ்வாறே சொல்கிறோம். வீட்டார் அனைவரும் உண்டபின் அடிப்பானையைச் சுரண்டித் தாம் உண்ட பெண்கள் நம் பாட்டிமார். ஏழையின் கடைசிக் கவளத்தைக் குறித்த வினை, ஏழையிடமிருந்து எடுத்துக்கொள்பவனின் செயலுக்குப் பெயராக வந்தது நம் மொழியின் சரித்திரத்தில் கருதத்தக்க ஒரு மாற்றம்.

இவ்வினையின் இயல்பைச் சற்று உற்று நோக்குவோம். சுரண்டுவது ஒரே வீச்சில் நடப்பதன்று. மெல்லிய படலம் படலமாக, மீண்டும் மீண்டும் நடப்பது. சுரண்டப்படும் பொருள் அழிந்துவிடுவதில்லை. நாளைக்கும் சுரண்டுவதற்காக அது அங்கேயே இருக்கிறது. தொலைவிலிருந்து எவரும் சுரண்ட முடியாது. தொட்டுத்தான் சுரண்ட வேண்டும். கொள்ளை ஒரே இரவில் முடிகிறது. திருட்டு உடையவன் காணாதபோது நிகழ்கிறது. ஏமாற்று உண்மை தெரிந்தவுடன் குலைகிறது. சுரண்டலோ பட்டப்பகலில், இரு தரப்பும் அறிய, ஆண்டுக் கணக்கில் நிகழ வல்லது. ஆகவே அது ஒரு செயலின் பெயர் என்பதைவிட ஓர் உறவின் பெயர் என்பதே பொருந்தும்.

இலக்கணம் பயின்றோர் கவனிக்கத்தக்க இன்னொரு நுட்பமும் உண்டு. ‘காந்தலைச் சுரண்டினாள்’ என்றும் சொல்லலாம். ‘பானையைச் சுரண்டினாள்’ என்றும் சொல்லலாம். எடுக்கப்படும் பொருளும் அப்பொருளைத் தாங்கிய கலமும் ஆகிய இரண்டும் இவ்வினைக்குச் செயப்படுபொருளாக வருகின்றன. அதனாலேயே ‘உழைப்பைச் சுரண்டினான்’ என்னும் தொடரும், ‘உழைப்பாளியைச் சுரண்டினான்’ என்னும் தொடரும் தமிழில் ஒருங்கே இயல்பாக நிற்கின்றன. பின்னைய தொடரில் மனிதனே பானையாகிறான். எடுக்க வேண்டியதை எடுத்தபின் கவிழ்த்து வைக்கப்படும் கலமாக ஒரு மனிதனைக் கருதுவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை ‘உழைப்பாளியை’ என்பதில் உள்ள ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு ஒன்றே நமக்கு உணர்த்திவிடுகிறது.

2. பிற மொழிகளில் இச்சொல்

ஆங்கிலத்தில் இக்கருத்தைக் குறிக்கும் ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்னும் சொல் அடுக்களையிலிருந்து வந்ததன்று. மடிப்பை விரித்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து கிளைத்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலம் புகுந்த அதன் வேர்ச்சொல், அங்கே வீரச்செயல் என்னும் பொருளில் இன்றளவும் வழங்குகிறது. பிரெஞ்சிலோ நிலத்தையும் சுரங்கத்தையும் காட்டையும் பயன்படுத்திப் பலன் எடுப்பதற்கு அச்சொல் எவ்விதக் குற்றச்சாட்டும் இன்றி வழங்கிவந்தது.

நிலத்துக்குச் சொன்ன சொல்லை மனிதனுக்குச் சொன்னவர்கள் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சேன் சிமோனின் சீடர்கள். ஆசான் 1825-இல் மறைந்தபின், 1828, 1829 ஆண்டுகளில் அவர்கள் பாரிஸ் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1830-இல் நூலாக வந்தன. மனிதனை மனிதன் சுரண்டுதல் என்னும் தொடர் அவற்றின் வழியாகவே பிரசித்தி பெற்றது. அடிமை, பண்ணையடிமை, கூலித் தொழிலாளி என்று பெயர்கள் மாறினாலும் ஒரே உறவு வெவ்வேறு உருவில் நீடிக்கிறது என்பது அவர்களுடைய வாதம். பின்னர் கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பிரெஞ்சுச் சொல்லையும், அதற்கு நிகரான ஜெர்மன் சொல்லையும் கையாண்டார். அந்த ஜெர்மன் சொல்லின் அடியில் இருப்பது கொள்ளைப்பொருள் என்னும் சொல். ஆனால் மார்க்ஸ் காட்ட முனைந்தது கொள்ளையை அன்று. சந்தையில் விலை நியாயமாகவே கொடுக்கப்பட்டு, எவரும் எவரையும் ஏமாற்றாதபோதுகூட, தொழிலாளி தன் கூலிக்கு ஈடான நேரத்துக்குமேல் உழைக்கும் உழைப்பு மற்றொருவனுக்கு உபரியாகச் சேர்கிறது என்பதையே அவர் விளக்கினார். அவருடைய பொருளாதார முடிபுகளை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. எவராயினும், ஏமாற்று வேறு, சுரண்டல் வேறு என்று அவர் வகுத்த பேதத்தை ஒப்புக்கொள்வதில் தடை இருக்க முடியாது.

பயன்படுத்துதலும் சுரண்டுதலும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்குவதால், எந்தப் பொருள் வேண்டப்படுகிறது என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருக்கிறது. தமிழில் அக்குழப்பம் இல்லை. நிலக்கரியை வெட்டியெடுக்கிறோம், நீர்வளத்தைப் பயன்படுத்துகிறோம், வாய்ப்பைப் பற்றிக்கொள்கிறோம். சுரண்டல் என்று சொன்ன மாத்திரத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். தீர்ப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல்லைக் கையாளுகிறவனுக்கு விசாரணை செய்யும் பொறுப்பும் உண்டு என்பதை மறவாதிருப்போமாக.

3. சொல்லுக்கு முன்னரே பொருள்

இச்சொல் இப்பொருளில் தமிழில் பரவியது 20-ஆம் நூற்றாண்டில், சமதர்மக் கருத்துகள் இங்கே பேசப்படலான காலத்தில். ஆனால் பொருள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிகள் இறுக்க வேண்டிய கடமைகளின் வரிசையில் ‘வெட்டி’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்கு அது பெயர். ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு என்பர். அவ்வேலைக்கு உரியவராக ஆக்கப்பட்டவரே வெட்டியான் எனப் பெயர் பெற்றார்.

இன்று நாம் ‘வெட்டி வேலை’ என்றால் வீண் வேலை என்றும், ‘வெட்டியாக இருக்கிறான்’ என்றால் ஒன்றும் செய்யாதிருக்கிறான் என்றும் பொருள் கொள்கிறோம். ஏரியைத் தூர் எடுத்தவரும், வாய்க்காலை வெட்டியவரும், கோயிலுக்கும் ஊருக்கும் சுமை சுமந்தவரும் கூலியின்றிச் செய்த உழைப்பு, கூலி இல்லாமையாலேயே பயனற்ற வேலை என்று பெயர் பெற்று, முடிவில் வேலையே செய்யாமையைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்தது. உழைப்பைப் பறித்தபின் அந்த உழைப்பின் பெயரையே இழிவாக்குவதும் சுரண்டலின் ஓர் அங்கம் என்பதற்கு இதனினும் வலிய சான்று நம் மொழியில் இல்லை.

குடிகள் எப்போதும் வாய் மூடி இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். விஜயநகர ஆட்சியின்போது, 1429-ஆம் ஆண்டில், காவிரிப் பகுதியில் வலங்கை, இடங்கை என்னும் இரு சாதித் தொகுதியினரும் ஒன்றுகூடி, தங்களை வருத்திய அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளருக்கும் எதிராக உடன்பாடு செய்துகொண்டு, அதைக் கோயிற் சுவர்களில் கல்வெட்டாகப் பொறித்தனர். இறுக்க வேண்டிய வரி இன்னது என்று தாங்களே வரையறுத்ததோடு, தம்மை வருத்துகிற காணியாளருக்குக் கணக்கு எழுதுவதில்லை என்றும் அவர்கள் உறுதி பூண்டனர். அளவுகோலும் ஏடும் இல்லாமல் சுரண்டல் நடவாது என்பதை அக்குடிமக்கள் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள்! அவர்களிடம் நம் சொல் இல்லை. சொல்லின் பொருள் இருந்தது.

4. சம்மதம் என்னும் திரை

இனி என் வாதத்தின் நடுநாடிக்கு வருகிறேன். வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேலேந்திய கள்வனின் வழிப்பறியோடு ஒப்பிட்டார். கேட்கும் வார்த்தை இரப்பாக இருக்கலாம். கையில் இருப்பது கோல். அப்படிக் கேட்கப்பட்டபோது கொடுத்தவன் சம்மதித்துக் கொடுத்தான் என்று சொல்ல முடியுமா? மன்னனின் கையில் கோல் கண்ணுக்குத் தெரிகிறது. பசி என்னும் கோல் தெரிவதில்லை. அதனால்தான் சம்மதம் என்னும் சொல் நம்மை அடிக்கடி மயக்குகிறது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களின் வரலாற்றில் இது துலக்கமாகத் தெரியும். அவர்களை அழைத்துச் சென்ற கங்காணி பெரும்பாலும் அயலார் அல்லர். அதே ஊரினர், பல சமயங்களில் உறவினர். வழிச்செலவுக்கு அவர் கொடுத்த முன்பணம் தோட்டத்தில் கால் வைக்குமுன்னரே கடனாயிற்று. தம் கீழுள்ள ஒவ்வொருவரும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் தனியே காசு கொடுத்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், ‘இவருடைய கடன் இவ்வளவு, தீர்த்தால் விடுவிப்போம்’ என்று எழுதிய சீட்டு வேண்டும். அச்சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்துத் தொழிலாளியைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீராது, கடன் கொடுத்தவர் மட்டுமே மாறுவார். விரல் அகலமே உள்ள ஒரு தாளில் ஒரு குடும்பத்தின் கால்கள் கட்டப்பட்டிருந்தன. 1921-இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது.

அத்தொழிலாளர் எவரும் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்லப்பட்டவர் அல்லர். கங்காணியை நம்பிச் சம்மதித்தே சென்றனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் பின்னால் நின்று தள்ள, முன்னால் ஒரே ஒரு வாசல் திறந்திருக்க, அவ்வாசலில் நுழைந்ததைத் தேர்வு என்று சொல்லுவது மொழிக்குச் செய்யும் துரோகம்.

5. சட்டம் சொன்ன விடை

இந்திய அரசமைப்புச் சட்டம் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சுரண்டலுக்கு எதிரான உரிமையை வைத்திருக்கிறது. அதன் 23, 24 ஆகிய இரண்டு உறுப்புகளுக்கும் அதுவே தலைப்பு. ஆனால் அச்சொல் தலைப்பில் இருக்கிறதேயன்றி, அவ்வுறுப்புகளின் வாசகத்தில் இல்லை. அதற்கு வரையறையும் தரப்படவில்லை. மனிதரை விற்று வாங்குதல், ‘பேகார்’ எனப்படும் கூலியில்லா வேலை, அதுபோன்ற பிற கட்டாய உழைப்பு ஆகியவற்றை 23-ஆம் உறுப்பு தடுக்கிறது. 14 வயது நிரம்பாத குழந்தைகளைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்துவதை 24-ஆம் உறுப்பு தடுக்கிறது. வடக்கே ‘பேகார்’, தெற்கே ‘வெட்டி’. சொல் இரண்டு, சுமை ஒன்று.

‘கட்டாயம்’ என்பதற்கு எல்லை எது என்னும் கேள்விக்கு 1982-இல் உச்சநீதிமன்றம் விடை கூறிற்று. அவ்வாண்டு தில்லியில் நடக்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிமன்றம் விசாரித்தது. தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை ஆள் பிடித்து வந்த ஜமாதாரிடம் கொடுத்தார். ஜமாதார் ஆளுக்கு 1 ரூபாயைத் தம் தரகாகக் கழித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளியின் கையில் வைத்தார். பெண்களுக்குக் கிடைத்தது 7 ரூபாய்தான். நாள்தோறும் ஒரு ரூபாய். எங்கள் வீட்டுக் களத்தில் தலைதட்டிய பலகை தள்ளிய இரண்டு கைப்பிடி நெல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு நமக்கு மிக முக்கியமானது. சட்டம் வரையறுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு ஒருவர் வேலை செய்கிறார் என்றால், பசியும் வறுமையும் நெருக்கி, வேறு வழியில்லாமல்தான் அவர் செய்கிறார் என்று கொள்ள வேண்டும் என்றும், அந்த நிர்ப்பந்தமும் கட்டாயமே என்றும், ஆகவே அது 23-ஆம் உறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. சம்மதம் என்னும் திரையை நீக்கிப் பார்க்கும் கடமை இதனால் சட்டத்தின் கடமையாகவே ஆயிற்று.

இதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்னர், 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்டும் சங்கமாய்த் திரண்டும் நின்ற மக்களுள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டனர். அடுத்த ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மரக்காலின் தலையில் தட்டிய நெல்லைத் திரும்பக் கேட்டவர்களிடம் நம் நாடு வாங்கிய விலை அந்த உயிர்கள். வேறு வழி இல்லாதவர் தமக்கு ஒரு வழியை உண்டாக்கிக்கொள்ள முயன்ற கணத்தில், அதுவரை மறைந்திருந்த கோல் வெளியே வந்தது என்பதை அவ்விரவு சாட்சி சொல்லுகிறது.

6. பிரயோகம்

மூன்று குறிகள் ஒருங்கே இருந்தால் அங்கே சுரண்டல் என்னும் சொல் பொருந்தும்: ஒருவருக்கு வேறு வழி இன்மை, அதனால் மற்றொருவருக்கு லாபம், அந்த உறவு தொடர்தல். முதற்குறி இல்லாத இடத்தில், வசதியுடையவர் விரும்பி அதிக விலை கொடுத்ததைச் சுரண்டல் என்று சொல்லலாகாது, அது விலையேற்றம். லாபம் இல்லாத இடத்தில் நடப்பது ஒடுக்குமுறை. ஊர்த்தெருவில் ஒருவர் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்பது ஒடுக்குமுறை. அவரையே கூலியின்றி ஏர் பூட்டச் சொல்வது சுரண்டல். இரண்டும் ஒரே கையின் வேலையாக இருப்பதால் பெயர்களை மாற்றிச் சொல்லுகிறோம். மருந்து வேறு வேறு ஆகையால் நோயின் பெயரையும் பிரித்தே சொல்ல வேண்டும்.

பேச்சு வழக்கில் இன்னும் மென்மையான தொடர் ஒன்று இருக்கிறது. ‘என்னை நல்லாப் பயன்படுத்திக்கிட்டாங்க’ என்று மனம் புண்பட்டவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘பயன்படுத்தினார்கள்’ என்பதில் குற்றம் இல்லை. ‘கொள்’ என்னும் துணைவினை வந்து சேர்ந்தவுடன் பயன் யார் பக்கம் போயிற்று என்பது தெரிந்துவிடுகிறது. படித்தவர் ‘சுரண்டல்’ என்பதைப் படியாதவர் இத்துணைவினையால் சொல்லுகிறார், பொருளில் குறைவில்லை.

எழுத்து வழக்கில் நான் காணும் பெருங்குறை வேறொன்று. ‘சுரண்டல் நிலவுகிறது’, ‘சுரண்டல் மலிந்துவிட்டது’ என்றே நாம் எழுதுகிறோம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பதுபோல, யாரும் செய்யாமல் தானே நிகழும் இயற்கைச் செயலாக அது ஆகிவிடுகிறது. வினையாயிருந்தபோது இருந்த எழுவாய் தொழிற்பெயரானதும் மறைந்துபோயிற்று. சுரண்டினவன் வாக்கியத்திலிருந்தே தப்பிவிடுகிறான்; சுரண்டப்பட்டவரும் முகமிழந்துபோகிறார்.

முடிவுரை

அன்பர்களே, அந்த மாலைப்பொழுதில் எங்கள் களத்தில் நடந்ததற்கு இன்று என்னால் பெயர் சொல்ல முடியும். அதைவிட முக்கியமாக, முழு வாக்கியமும் சொல்ல முடியும்: வேறு களம் இல்லாத அந்த அம்மாளின் உழைப்பை எங்கள் வீட்டார் சுரண்டினார்கள். எழுவாய் என் குடும்பமாக இருப்பதால் இவ்வாக்கியம் எனக்குக் கசக்கிறது. கசந்தாலும் அதுவே உண்மை.

இங்குள்ள மாணவர்களுக்கும், பத்திரிகைக்கு எழுதுவோருக்கும், நாளை அகராதி தொகுக்கப்போகும் இளைஞர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுண்டு. இச்சொல்லை எழுத நேரும்போதெல்லாம், யார், யாரிடமிருந்து, எதை, அவருடைய எந்த இயலாமையைக் கொண்டு எடுத்துக்கொண்டார் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தேடி, அவ்விடையோடு சேர்த்து எழுதுங்கள். விடை நம் வீட்டு அடுக்களையில் வேலை செய்பவரின் சம்பளத்திலேயே கிடைக்குமானால், முதலில் அந்தச் சம்பளத்தைத் திருத்திவிட்டுப் பிறகு எழுதுங்கள்.